அக்கா போட்ட கதவு

கொழும்புப் புதுக்கடை நீதிமன்றத்தில் சிங்களத்தையும் தமிழையும் மாற்றி மாற்றிச் சொல்லியே என் தலைமயிர் நரைத்தது. உரைபெயர்ப்பாளர் உத்தியோகம். கூண்டில் நிற்பவன் என்ன சொல்கிறானோ அதை அப்படியே நீதவானுக்குச் சொல்ல வேண்டும். நடுவில் என்னுடைய அபிப்பிராயத்தை ஒருவரும் கேட்பதில்லை. அதனால்தானோ என்னவோ, வேலை முடிந்து வெளியில் வந்தால் கண்டதற்கெல்லாம் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டு திரிகிற ஆளாகிவிட்டேன். வீடுடைத்த வழக்குகள் எத்தனையோ என் வாய்வழியாகப் போயிருக்கின்றன. கள்ளர் விசயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு எனக்கு. அக்காவின் கதவு வரும்வரைக்கும் அந்த நினைப்போடு சுகமாகத்தான் இருந்தேன்.

அக்கா வெள்ளவத்தையில் இருக்கிறார். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில், லிப்ட் இல்லாத பழைய தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடி. கணக்கு ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தான் காலமான பிறகு தனியத்தான் சீவியம். ஒரே மகள் புருசன் பிள்ளையோடு கனடாவில். நான் கிருலப்பனையில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் போய், அக்கா சமைத்ததைச் சாப்பிட்டு, அக்காவின் கதிரையில் சாய்ந்திருந்து, அக்காவுக்கே புத்தி சொல்லிவிட்டு வருவேன்.

யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா வந்தால் வெள்ளவத்தையில் எங்கட சனத்துக்கு காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம் பிடிக்கும். ஊருக்குப் போகிற சந்தோசத்தைவிட, போகிறோம் என்று சொல்லுகிற சந்தோசம் பெரிது. மரக்கறிக் கடையில் சொல்லுவார்கள், மீன்காரனிடம் சொல்லுவார்கள், ஓட்டோக்காரனிடம் சொல்லுவார்கள். "தேர், தீர்த்தம் எல்லாம் முடிச்சுத்தான் வருவம்" என்று நாளும் குறித்துக் கொடுப்பார்கள். கடைசியில் வாசலில் இரும்புக் கேற்றை இழுத்துச் சாத்தி, பாதித் தேங்காய் அளவில் ஒரு ஆமைப்பூட்டை வெளிப்பக்கம் தொங்கவிட்டு, அதை ஒருதரம் இழுத்துப் பார்த்து, "முருகா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவார்கள். பூட்டு உள்ளே தொங்கினால் ஆள் இருக்கிறது, வெளியே தொங்கினால் ஆள் இல்லை. இதைக் கண்டுபிடிக்கக் கள்ளன் பல்கலைக்கழகம் போகத் தேவையில்லை.

அக்காவுக்கு எதிர்வீட்டுச் சனமும் அப்படித்தான் போனார்கள். தேரன்று காலையில், பட்டப்பகலில், வீடு உடைபட்டது. அக்கா அந்த நேரம் சந்தைக்குப் போயிருந்தார். மரக்கறிப் பையோடு படியேறி வந்தவருக்கு முதலில் தெரிந்தது காற்றில் ஆடிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக் கேற். உள்ளே அலுமாரி எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஒரு நகை மிச்சமில்லை. நல்ல காலம், தாலிக்கொடி கழுத்தோடு நல்லூருக்குப் போயிருந்தது.

அன்று பின்னேரமே அக்காவின் மகள் வீடியோவில் வந்தாள். அவளுக்கு இதைச் சொன்னது ஆர் என்று கேட்காதீர்கள், நான்தான். ஒரேயடியாகச் சொன்னாள்: "அம்மா, வீட்டை வித்திட்டு என்னட்ட வாங்கோ. இனி உங்களை அங்க தனிய விடேலாது."

நானும் பக்கத்திலிருந்து ஒத்து ஊதினேன். "பிள்ளை சொல்லுறதிலையும் ஒரு ஞாயம் இருக்குத்தானே அக்கா. உள்ளுக்கு நீங்கள் இருக்கேக்க வந்திருந்தால்?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து கதைத்த எத்தனை பெடியளை அந்தப் பார்வை அடக்கியிருக்கும். பிறகு கைபேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கள்ளனுக்குப் பயந்துதானே கூப்பிடுறாய்?"

"ஓம் அம்மா."

"கதவு கள்ளன் வரேலாத கதவெண்டால்?"

"மார்கழியில வாறன். நானே பாப்பன். ஒரு குறை கண்டாலும் நீங்கள் மறுகதை இல்லாமல் என்னோட வெளிக்கிட வேணும்."

"ஓம்" என்றார் அக்கா. அவர் ஓம் என்றால் ஓம்தான், பிறகு மாற்றம் கிடையாது. விடியக் கோயில், பிறகு சந்தை, பின்னேரம் மரைன் டிரைவில் நடை, இடையில் கணக்குக் கேட்டு வந்து நிற்கிற அயல் பிள்ளைகள். இதுகள் இல்லாத அக்காவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒரு கதவில் எல்லாவற்றையும் வைத்துப் பந்தயம் கட்டிவிட்டாரே என்று கவலைப்பட்டேன். இவ்வளவுக்கும், ஒத்து ஊதினவனும் நான்தான். என் புத்தி அப்படி.

அடுத்த ஞாயிறு நான் போனபோது அக்கா வீட்டுக்குள் இல்லை. எதிர்வீட்டு வாசலில் குந்தியிருந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, உடைந்த கதவைப் படித்துக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து திரும்பியிருந்த வீட்டுக்காரர் அதை இன்னும் திருத்தவில்லை.

"இஞ்ச வா தம்பி. இந்தப் பூட்டைப் பார். இதுக்கு என்ன நடந்திருக்கு?"

பார்த்தேன். பாதித் தேங்காய்ப் பூட்டு ஒரு கீறல் இல்லாமல், பூட்டினபடியே இருந்தது. அது மாட்டியிருந்த கொண்டி மட்டும் கேற்றிலிருந்து கழன்று பூட்டோடு தொங்கியது. அக்கா கொண்டியின் திருகாணி ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசித்தார். கருப்பட்டி போல உதிர்ந்தது. வெள்ளவத்தைக் கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்றுவிடும். வெளியில் வருசா வருசம் பெயின்ற் அடிப்பார்கள், உள்ளே ஆணி தூளாகிக் கிடக்கும்.

உள்கதவிலும் அதே கதைதான். பூட்டு விலை கூடிய பூட்டு, அது அப்படியே இருக்கிறது. பூட்டின் நாக்குப் போய் விழுகிற கதவு நிலைதான் பிளந்திருந்தது. நாக்கை ஏற்கிற தகட்டை நிலையோடு பிடித்திருந்த ஆணிகள் சின்னிவிரல் நகத்தளவு.

"பூட்டை அவன் உடைக்கேல்லை. பூட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதைத்தான் உடைச்சவன்" என்றார் அக்கா. "நாங்கள் எல்லாரும் பூட்டைத்தான் பெரிசாப் போடுறம்."

எத்தனை வழக்கில் 'கதவை உடைத்து உட்புகுந்து' என்று நான் மொழிபெயர்த்திருப்பேன். அந்தக் கதவு எங்கே உடைந்தது என்று ஒருநாளாவது யோசித்தேனா? ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? கமரா பொருத்தச் சொன்னேன்.

"எதிர்வீட்டில கமரா இருந்ததுதானே?" என்றார் அக்கா.

"ஓம், இருந்தது. அதில ஒண்டும் பிடிபடேல்லையோ?"

"கமராவையும் கழட்டிக்கொண்டு போயிட்டான்."

புத்தி சொல்லுவதை அதோடு நிறுத்தினேன். அன்றைக்கு மட்டும்.

அதற்குப் பிறகு அக்கா வேலையைத் தொடங்கின விதத்தைப் பார்த்துத்தான் நான் மலைத்தேன். முதலில் ஆணி. காலி வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். துருப் பிடிக்காத நீளத் திருகாணி கேட்டார். முதலாளி ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். அக்கா கைப்பையைத் திறந்து, தன் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த முருகன் படக் காந்தத்தை எடுத்து ஆணிகளுக்கு மேல் பிடித்தார். ஆணியெல்லாம் ஓடிவந்து முருகனில் ஒட்டிக்கொண்டது.

"இது வெறும் இரும்பு. மேல பூச்சு மட்டும்தான்" என்று பொட்டலத்தைத் திருப்பித் தள்ளினார்.

கடை முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர். கோபிக்கவில்லை, வயிறு குலுங்கச் சிரித்தார். "டீச்சர், காந்தத்தோட ஆணி வாங்க வந்த ஆள இண்டைக்கித்தான் காணுறேன். இருங்க, உள்ளுக்கு வேற ஆணி ஈக்கி, எடுத்துத் தாறேன்" என்று போய் வேறு ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அவை முருகனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அக்காவுக்குத் திருப்தி.

தச்சுப் பாஸ், அதாவது தச்சாசாரி ஒருவர் வந்தார். அவரோடு கதையெல்லாம் சிங்களத்தில். பழைய நிலையில் பூட்டின் நாக்கு விழுகிற இடத்தை வெட்டியெடுத்து, புது முதிரைக் கட்டை வைத்து, நிலையைத் துளைத்துச் சுவருக்குள் போகும்படி நீள ஆணி இறக்க வேண்டும் என்று அக்கா சொன்னார். கதவைத் தாங்குகிற பிணைச்சல்களுக்கும் அதே ஆணி. கதவுக்கு நடுவில் ஆளைப் பார்க்கிற கண் ஒன்று, அதுவும் அக்காவின் உயரத்துக்கு, பாஸின் உயரத்துக்கு அல்ல. பாஸ் துளையிடுகிற கருவியை நிலத்தில் வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார். "மே கெதரத, பேங்குவத மிஸ்?" என்றார். இது வீடோ, வங்கியோ என்று கேட்கிறார். அக்கா சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஒரு ஆணியைக்கூடக் குறைக்க விடவில்லை.

அக்காவின் மூளை வேலை செய்தது கேற்றில்தான். கேற்றின் நடுவில் ஒரு இரும்புப் பெட்டி ஒட்டச் செய்தார். கொண்டியும் பூட்டும் அந்தப் பெட்டிக்குள். உள்ளிருந்தும் கையை விட்டுப் பூட்டலாம், வெளியிலிருந்தும் கையை விட்டுப் பூட்டலாம். ஆனால் பூட்டு எந்தப் பக்கத்தால் போட்டது என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. வெட்டவும் இடமில்லை. அக்கா சந்தைக்குப் போனாலும் கேற் அப்படித்தான் இருக்கும், வீட்டில் படுத்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

"இப்ப கள்ளன் யோசிக்கட்டும். உள்ளுக்கு ஆள் இருக்கோ இல்லையோ எண்டு அவன்தான் கணக்குச் செய்ய வேணும்" என்றார்.

கள்ளன் பெரிசோ காப்பான் பெரிசோ என்று சும்மாவா கேட்டார்கள்! எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. இத்தனை வருசமாக இந்தத் தொடர்மாடியில் கணக்காளர், டொக்டர், எஞ்சினியர் என்று எத்தனை பேர் வெளியில் பூட்டுத் தொங்கவிட்டுப் போயிருக்கிறார்கள்? ஒருவருக்கும் இது மூளையில் ஓடவில்லையே. கார்த்திகை முடிவதற்குள் அந்த மாடிப்படி வழியே ஒவ்வொரு கேற்றிலும் ஒரு பெட்டி முளைத்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் போட்டார், பாவம்.

அடுத்தது செருப்பு. தனியப் பெண்கள் இருக்கிற வீட்டு வாசலில் ஆம்பிளைச் செருப்பு ஒன்று கிடக்க வேண்டும் என்பது வெள்ளவத்தையில் எல்லாரும் சொல்லுகிற புத்தி. நானும் சொன்னேன், அத்தானின் செருப்பு அலுமாரிக்குக் கீழேதானே இருக்கிறது என்று. அக்காவின் முகம் மாறிவிட்டது.

"அவற்ற செருப்பைக் கள்ளனுக்குக் காட்டவோ? உனக்கென்ன விசரே? உன்ர பழைய சப்பாத்து ஒண்டு கொண்டா. பெரிசாப் பார்த்துக் கொண்டா."

கொண்டுவந்து கொடுத்தேன். அதை வெறுமனே போட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் தூசி தட்டி, ஒருநாள் நேராக, ஒருநாள் கோணலாக, ஒருநாள் ஒன்றின்மேல் ஒன்றாக மாற்றி மாற்றி வைத்தார். தூசி பிடித்து ஒரே இடத்தில் கிடக்கிற சப்பாத்து செத்தவன் சப்பாத்து என்று கள்ளனுக்குத் தெரியாதா என்பது அவர் கேள்வி. என் சப்பாத்து என் வீட்டில் இருந்தபோது இப்படி ஒரு மரியாதையைக் கண்டதேயில்லை.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னார்: "தம்பி, எல்லாம் சரி. நான் உள்ளுக்கு வழுக்கி விழுந்தால் என்ன செய்யிறது? கள்ளன் வரேலாத கதவுக்குள்ள நீயும் வரேலாது."

அதை நான் நினைக்கவேயில்லை. அவர் நினைத்துமிருந்தார், அதற்கு வழியும் செய்துவிட்டிருந்தார். வீட்டுச் சாவிகளில் ஒரு திறப்பை எனக்கென்று மேசையில் வைத்தார். இன்னொன்றைக் கீழ்வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டாராம். கீழ்வீட்டம்மா என்பது இரண்டாம் மாடியில் இருக்கிற முஸ்லிம் பெண்மணி. கணவர் புறக்கோட்டையில் துணி வியாபாரம். அத்தானின் செத்தவீட்டுக்குப் பிறகு குடிவந்தவர்கள். காலையில் அக்கா சமைக்கிற குசினியின் யன்னல் திறக்கும், அந்தம்மா கீழேயிருந்து பார்ப்பார். திறக்காவிட்டால் மேலே வருவார். அவ்வளவுதான் ஏற்பாடு.

"திறப்பை ஆக்களிட்டக் குடுக்கிறதோ?" என்று நான் இழுத்தேன்.

"ஆளை நம்பாமல் ஆணியை மட்டும் நம்பி இருக்கேலுமோ?" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் பயம்தானடா. பயமில்லாட்டி ஏன் இவ்வளவு பாடுபடுறன்? இந்த வீட்டை விட்டுட்டுப் போனால் நான் அங்க என்ன செய்வன்? பனியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதோ?"

அக்கா பயம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம். அன்றைக்கே நான் கட்சி மாறிவிட்டேன். மருமகள் ஒரு குறையும் கண்டுபிடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பிள்ளையாருக்குத் தேங்காயும் நேர்ந்தேன்.

மார்கழி வந்தது. மகளை விமான நிலையத்திலிருந்து நான்தான் வாடகை வான் ஒன்றில் கூட்டிவந்தேன். வானை ஒழுங்கையில் நிறுத்திச் சூட்கேசுகளை இறக்குவதற்குள் அவள் படியேறிப் போய்விட்டாள். சும்மா சொல்லக் கூடாது, கனடாவில் இருந்தாலும் காலில் வெள்ளவத்தைப் படி மறக்கவில்லை. நான் இரண்டு சூட்கேசோடு மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டாம் மாடியைத் தாண்டும்போது மேலே சத்தம் கேட்டது.

கேற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த மகளுக்குப் பின்னால் கீழ்வீட்டம்மா கூட்டுகிற தும்புத்தடியோடு நின்றார்.

"யாரு நீங்க? டீச்சர்ட கேட்ட ஏன் ஆட்டுறீங்க?"

"நான் மகள்."

"டீச்சர்ட மகள் கனடால ஈக்கிறா. டிசம்பர்லதான் வருவா."

"இது டிசம்பர்தானே!"

அந்தம்மா ஒரு கணம் யோசித்தார். ஆனால் தடியை இறக்கவில்லை. "அப்ப இண்டைக்கு வாற எண்டு டீச்சர் எனக்கிட்ட சொல்லல்லயே?"

சொல்லியிருக்கமாட்டார். போகிற வருகிற நாளை ஒருவருக்கும் சொல்லுவதில்லை என்பது நல்லூருக்குப் பிறகு அக்கா வைத்திருந்த சட்டம். நம்பித் திறப்புக் கொடுத்த ஆளுக்கும் அதே சட்டம்தான். மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் சூட்கேசுகளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், "இது என்ர மருமகள்தான், நான் சாட்சி" என்று சொல்ல வேண்டியதாயிற்று. உள்ளேயிருந்து பூட்டுத் திறந்தது. கதவுக் கண்ணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அக்கா சிரித்த சிரிப்பில் அவருக்குக் கண்ணால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"சோதினை முடியட்டும் எண்டு நிண்டனான்" என்றார்.

கீழ்வீட்டம்மா தலையில் கை வைத்தார். "அல்லாவே! மன்னிச்சிக்கோங்க மகள்" என்று அவளைக் கட்டிப்பிடித்தார்.

அக்கா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். மகள் கைப்பையைக்கூட வைக்காமல் கதவைப் பார்க்கத் தொடங்கினாள். கேற்றின் பெட்டிக்குள் கையை விட்டாள். பூட்டைத் தடவினாள். கதவைச் சாத்தி, தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பிணைச்சலைப் பார்த்தாள், நிலையைத் தட்டினாள். பரீட்சை முடிவு பார்க்க நிற்கிற தகப்பனைப் போல நான் பின்னால் நின்றேன். அக்காவின் வீடு அவளுடைய ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் வந்து கதிரையில் இருந்தாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"ஒரு குறையும் இல்லை மாமா."

"அப்ப சந்தோசம்தானே. ஏன் அழுறாய் பிள்ளை?"

"இனி நான் என்னத்தைச் சொல்லி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறது?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. தேத்தண்ணித் தட்டோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்கும் கேட்டுவிட்டது.

"கள்ளனுக்குப் பயந்தும்தான் அம்மா கூப்பிட்டனான். பொய் சொல்லேல்லை" என்றாள் மகள். "ஆனால் மகனும் யூனிவேர்சிற்றி எண்டு போயிட்டான். இவர் லொறியை எடுத்துக்கொண்டு அமெரிக்காப் பக்கம் போனால் கிழமைக்கணக்கில வாறேல்லை. நான் வேலையால வந்து கதவைத் திறந்தால் வீட்டுக்குள்ள ஒரு சத்தமில்லை."

அக்கா தட்டை மேசையில் வைத்தார். மகளுக்குப் பக்கத்தில் வந்து இருந்து அவளுடைய தலையைத் தடவினார்.

"இதைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே பிள்ளை. கள்ளனை ஏன் இடையில கொண்டுவந்தனி?"

"சொன்னால் வந்திருப்பீங்களே?"

அக்கா யோசித்தார். மகளைச் சமாதானப்படுத்தவென்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு அது வராது.

"வீட்டை வித்திட்டு வரமாட்டன். மூண்டு மாசத்துக்கு வந்திருப்பன்."

"மூண்டு மாசம் போதும் அம்மா" என்றாள் மகள். "எனக்கு மூண்டு மாசம் காணும்."

கள்ளன் என்னென்ன நினைப்பான் என்று முன்கூட்டியே நினைத்துவைத்திருந்த என் அக்கா இதை நினைத்திருக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.